பன் சுடுவதா, ஆல்பம் செய்வதா: எதை முதலில் தொடங்கலாம்?

ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு நமக்காகக் காத்திருக்காது. ஒன்றே கால் மணி நேரத்தில் பாத்திரம் நிறைய உப்பி நிற்கும். போய்ப் பார்க்காமல் விட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் புளித்து அமுங்கத் தொடங்கும். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் போட்டோப் பெட்டி அப்படியில்லை. பத்து வருஷம் திறக்காவிட்டாலும் அது பாட்டுக்குக் கிடக்கும்.

வீட்டிலிருந்தபடியே கையால் எதையாவது செய்யப் பழக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மனதில் இந்த இரண்டும் வந்து போகும்: மாவு பிசைந்து பன் சுடுவது, இல்லையென்றால் குடும்பப் படங்களை ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி ஸ்கிராப்புக் செய்வது. நான் இரண்டையும் செய்துவருகிறேன், இரண்டின் மேலும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் எதை முதலில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், "உங்கள் விருப்பம்" என்று சொல்லி விலகிக்கொள்ள மனம் வருவதில்லை. என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. செலவு, கைத்திறன், பொருள் கிடைப்பது இதெல்லாம் அந்தப் பதிலில் சின்னப் பங்குதான்.

நேரம் எப்படிக் கிடைக்கிறது

முதலில் நேரத்தைப் பார்க்கலாம். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓய்வு என்று கணக்குப் போடுவதோடு, அது துண்டு துண்டாகக் கிடைக்கிறதா, சேர்ந்தாற்போலக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு தட்டு பன்னுக்கு, அளக்க ஆரம்பித்ததிலிருந்து ஓவனை அணைக்கும்வரை மூன்று மணி நேரம் பிடிக்கும். அதில் நம் கை மாவில் இருப்பது நாற்பது நிமிஷம்கூட இல்லை. அளந்து கலக்கப் பத்து நிமிஷம், பிசையப் பத்து நிமிஷம், உருட்டி அடுக்கப் பத்துப் பதினைந்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் வேலை ஈஸ்ட்டுடையது. நாம் துணி மடிக்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம், யாருக்காவது போன் பேசலாம். துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை எனக்குத் தெரியாது. நடுவில் வெளியே போக வேண்டியிருந்தால் அதற்கும் வழி உண்டு. பிசைந்த மாவை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அந்தக் குளிரில் ஈஸ்ட் மிக மெல்ல வேலை செய்யும். இரவு பிசைந்ததை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காலையில் எடுத்து உருட்டலாம். மெதுவாகப் புளித்த மாவுக்குச் சுவையும் கூடுதல்.

ஆல்பம் வேலை உட்கார்ந்தால்தான் நகரும். ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதில் ஒட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும், மீதி முழுக்க முடிவெடுப்பதுதான். ஒரே நாளில் எடுத்த நாற்பது படங்களில் எந்த நாலு? இந்தப் படத்தில் தங்கை கண்ணை மூடியிருக்கிறாள், ஆனால் அப்பா சிரிக்கும் ஒரே படம் இதுதான். இதை விடுவதா, வைப்பதா? நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால் நூல் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தோன்றும். அதோடு மேசை வேண்டும். படங்கள் பரப்பிய மேசையைச் சாப்பாட்டு நேரத்துக்கு வாரி எடுக்க வேண்டிய வீடுகளில் இந்த வேலை பாதியில் நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான் என்பது என் அனுபவம். ஒரு பெரிய தட்டோ பலகையோ வைத்து அதன் மேல் பரப்பினால், அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் என் ஆல்பம் ஓட ஆரம்பித்தது.

மாவுக்குள் நடப்பது

பன்னின் மேல் எனக்கு ஈடுபாடு வந்ததற்குக் காரணம், மாவுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டது. ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை, சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்று அதற்குப் பெயர். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் ஆல்கஹாலையும் வெளிவிடும். இது உயிருள்ள செல்களின் வேலை என்பதை 1850களின் கடைசியில் லூயி பாஸ்டர் காட்டினார். அதுவரை, காரணம் தெரியாமலேயே மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் பாக்கெட்டில் வாங்கும் உலர் ஈஸ்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. குளிர்பெட்டி இல்லாமலே கெடாத ஈஸ்ட் வேண்டும் என்பதற்காக அமெரிக்காவின் பிளைஷ்மன் நிறுவனம் அதை உருவாக்கியது. ஊறவைக்காமல் நேராக மாவில் கலக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1970களின் வரவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டையே வாங்குங்கள், ஒரு படி குறையும்.

அந்த வாயுவைப் பிடித்து வைக்கத்தான் பிசைகிறோம். மாவில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய அவை சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகும். முதல் மூன்று நிமிஷம் மாவு கையில் ஒட்டும், கிழியும், கட்டி கட்டியாக இருக்கும். அப்போது பயந்து இன்னும் மாவு தூவுகிறவர்களின் பன்தான் கல்லாகிறது. தூவாமல் பொறுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளுங்கள். ஏழாவது எட்டாவது நிமிஷத்தில் திடீரென்று மாவு மாறும். பலகையில் ஒட்டியிருந்ததை எல்லாம் அதுவே எடுத்துக்கொண்டு, காது மடல் போல மெத்தென்று ஆகிவிடும். ஒரு சின்ன உருண்டையை எடுத்து நாலு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஜவ்வு மாதிரி விரிந்தால் போதும். இந்த மாற்றத்தை விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால் அப்புறம் நிமிஷக் கணக்கே வேண்டாம்.

அளவு சொல்லிவிடுகிறேன். 500 கிராம் மைதா, 300 மில்லி வெதுவெதுப்பான பால், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 9 கிராம் உப்பு, 40 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய். இதில் 75 கிராம் எடையில் பன்னிரண்டு பன் வரும். பேக்கரிக்காரர்கள் மாவை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதை அதன் சதவீதமாகச் சொல்வார்கள். இங்கே பால் 60, சர்க்கரை 8, வெண்ணெய் 10, உப்பு 2க்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்கு பழகிவிட்டால் ஆறு பன்னோ முப்பது பன்னோ, குறிப்பைப் பார்க்காமல் செய்யலாம். கப் கணக்கை நம்ப வேண்டாம். அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரு கப் மாவு 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். ஒரு சமையலறைத் தராசுதான் இந்தப் பொழுதுபோக்கில் முதலில் வாங்க வேண்டிய பொருள்.

தவறு எங்கே நடக்கும்? சூட்டில். நான் முதல் முறை பன் சுட்டபோது அடுப்பிலிருந்து இறக்கிய பாலை ஆறவிடாமல் ஊற்றினேன். 55, 60 டிகிரி செல்சியஸில் ஈஸ்ட் செத்துவிடும் என்று அன்று எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், வைத்த மாவு வைத்தபடியே இருந்தது. இப்போது பாலில் சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணுவேன். விரலுக்குச் சுகமாக இருந்தால் ஈஸ்ட்டுக்கும் சுகம்.

உருட்டி அடுக்கிய பன் இரண்டாவது முறை உப்பும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். மாவு தோய்த்த விரலால் ஓரத்தில் மெல்ல அழுத்துங்கள். குழி சட்டென்று மறைந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல மேலே வந்து பாதிக் குழி நின்றால் ஓவனுக்குப் போகலாம். அப்படியே குழியாக நின்றுவிட்டால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம், உடனே சுட்டுவிடுங்கள். 190 டிகிரியில் 18 முதல் 20 நிமிஷம். மேலே பொன்னிறம் ஏறுவது புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வேதிவினை. அதை 1912இல் விளக்கிய லூயி கமில் மையார் பெயரிலேயே அது வழங்குகிறது. அந்த வாசனை வீட்டில் பரவும்போது அறைக்குள் இருப்பவர்கள் தாமாக வெளியே வருவார்கள். கூப்பிட வேண்டியதில்லை.

இன்னொன்று. மிஞ்சிய பன்னை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ரொட்டி காய்ந்துபோவதால் மட்டும் பழசாவதில்லை என்பதை 1852இலேயே பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தார். ஈரம் போகாமல் மூடி வைத்தாலும் ரொட்டி இறுகும், மறுபடி சூடாக்கினால் இளகும். மாவுச்சத்து மறுபடி கெட்டிப்படுவதுதான் காரணம், அது ஃபிரிட்ஜ் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஆறியவுடன் பையில் கட்டி ஃபிரீசரில் போட்டுவிட்டால் வேண்டியபோது எடுத்துச் சூடாக்கலாம். இரண்டே பேர் இருக்கும் வீட்டிலும் பன்னிரண்டு பன் வீணாகாது.

பெட்டியைத் திறந்தால்

ஆல்பம் பக்கம் வருவோம். படங்களை ஏட்டில் ஒட்டும் ஆசை பழையது. ஒட்டுவதில் இருக்கும் தொல்லையும் அவ்வளவு பழையது. எழுத்தாளர் மார்க் ட்வைன், ஏற்கெனவே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்கிராப்புக் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை வாங்கினார். ஈரம் தொட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு, அதாவது அழகான தாள், பாதுகாப்பு உறை, பக்கத்தில் எழுதிய குறிப்பு எல்லாம் சேர்ந்த ஆல்பத்துக்கு, அமெரிக்காவின் மேரியலென் கிறிஸ்டென்சனை முன்னோடியாகச் சொல்வார்கள். தன் குடும்பப் படங்களை இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகச் செய்துவைத்திருந்த அவர், 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். அதற்குப் பிறகுதான் இது ஒரு பெரிய பொழுதுபோக்காகப் பரவியது.

பன்னில் சூடு எப்படியோ, ஆல்பத்தில் காகிதம் அப்படி. மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் மெல்லப் படத்துக்கு ஏறும். அதனால் அமிலமில்லாத, லிக்னின் இல்லாத தாளாகக் கேட்டு வாங்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் பிவிசி கூடாது, பாலிப்ரொப்பிலீனோ பாலியெஸ்டரோ இருக்கலாம். படங்களோடு வைக்க உகந்த பொருளா என்று சோதிக்க ஐஎஸ்ஓ 18916 என்ற தரமே இருக்கிறது. பாக்கெட்டின் மேல் அந்தச் சோதனையில் தேறியது என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். எழுதுவதற்கு, சாயத்துக்குப் பதில் நிறமித் துகள் கலந்த பிக்மென்ட் மை பேனா. பால்பாயின்ட் பேனாவின் மை கசியும், அழுத்தி எழுதினால் மறுபக்கத்தில் தடமும் விழும்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பல வீடுகளில் வாங்கிய ஆல்பம் ஒன்று உண்டு. பக்கம் முழுக்கக் கோடு கோடாகப் பசை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், தூக்கி வைத்து மூடினால் படம் ஒட்டிக்கொள்ளும். வசதியானதுதான், ஆனால் படத்துக்கு எமன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் இதைப் படித்து முடித்ததும் எடுத்துப் பாருங்கள். பசைக்கோடுகள் பழுப்பேறியிருக்கும். படம் வரமாட்டேன் என்று அடம் பிடித்தால் இழுக்க வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலில் மெழுகு பூசாதது கிடைக்கும். அதைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல முன்னும் பின்னும் இழுத்தால் பெரும்பாலும் பிரிந்து வரும். பிரியாவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அசலை ஒட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்து, அச்சடித்த நகலை வெட்டுங்கள், ஒட்டுங்கள், அலங்கரியுங்கள். அசல், அமிலமில்லாத உறையில், வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் இருக்கட்டும். அசலைத்தான் வைக்க வேண்டும் என்றால் நாலு மூலையிலும் காகிதப் பிடி செருகி வையுங்கள், பசை படத்தில் படாது. எடுத்த உடனே வெளியே வரும் போலராய்டு வகைப் படங்களைக் கத்தரிக்கவே கூடாது, உள்ளே இருக்கும் ரசாயன அடுக்குகள் பிரிந்துவிடும். பழைய வண்ணப் படங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் சிவந்துபோயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதுதான் காரணம். கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளித் துகளால் ஆனவை, அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆக, ஸ்கேன் செய்ய வேண்டிய வரிசையில் தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைக்கு முன்னால் எழுபதுகளின் வண்ணப் படங்களை வையுங்கள்.

இதெல்லாம் பொருளைப் பற்றி. ஆல்பத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பெட்டியில் ஒரு படம் உண்டு. வீட்டு வாசற்படியில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அப்பாவுக்கு ஏழு பேரைத் தெரிந்தது. வலது ஓரத்தில், கழுத்துவரை போர்வை சுற்றிக்கொண்டு பாதி மறைந்து நிற்கும் பையனையும், அவனுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணையும் தெரியவில்லை. பெரிதாக அச்சடித்து அத்தையிடம் எடுத்துப்போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பையன் மேல் வந்ததும் விரல் நின்றது. "இவனுக்கு அன்னைக்கு நல்ல காய்ச்சல். படம் எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவந்துட்டான். பின்னாடி நிக்கிறது அவன் அம்மா, புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகத்தான் வந்தா." அதுவரை வெறும் கூட்டமாக இருந்த படம் எனக்கு அந்த நிமிஷத்தில் ஒரு காலைப்பொழுதாக மாறியது. ஒட்டியபோது அத்தை சொன்ன வார்த்தைகளையே, அவர் பேச்சிலேயே, படத்துக்குக் கீழே எழுதினேன்.

பெட்டியில் இருந்த மற்ற படங்களை அடுத்த முறை காட்டலாம் என்று வைத்துவிட்டேன். வேலை, பிள்ளைகள், அது இது என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. மறுபடி போனபோது அத்தைக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெட்டியில் பதினான்கு படங்கள் இன்றும் பெயரில்லாமல் இருக்கின்றன.

போட்டோப் பெட்டி காத்திருக்கும் என்று முதலில் எழுதினேன். காகிதம் காத்திருக்கும். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்தவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்று எண்ணி நான் தள்ளிப்போட்டேன்.

செலவு, பிள்ளைகள், மற்றவை

செலவை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பன்னுக்கு ஓவன் இருந்தால் பெரிய செலவு முடிந்தது. மேசை மேல் வைக்கும் சின்ன ஓவனே பன்னிரண்டு பன்னுக்குப் போதும். ஓவன் இல்லாதவர்களுக்கு இதுவே பெரிய தடை. ஆல்பத்தில் தொடக்கச் செலவு குறைவு, ஆனால் கை கட்டுப்படாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். ஸ்டிக்கர், ரிப்பன், பூ வைத்த தாள், அச்சு முத்திரை என்று வாங்குவதே தனிப் பொழுதுபோக்காகிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஓர் ஆல்பம், இரண்டு நிறத்தில் தாள், நேராக வெட்டும் கருவி, இருபுறமும் ஒட்டும் டேப், ஒரு கறுப்புப் பேனா. முதல் இருபது பக்கத்துக்கு இதற்கு மேல் தேவைப்படாது. பன்னிரண்டு அங்குலச் சதுர ஆல்பம்தான் வழக்கம். கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் பக்கம் சேர்க்கிற மாதிரி வளையமோ திருகோ உள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

போனில் இருக்கும் படங்களை அச்சடிக்கும்போது ஒரு கணக்கு. நாலுக்கு ஆறு அங்குலப் படம் தெளிவாக வர 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். செயலிகள் வழியாகச் சுற்றிச் சுற்றி வந்த படங்களில் பலவும் அந்த அளவு இருக்காது. எடுத்தவரிடமே அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பன்னுக்குத்தான் என் வோட்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் உருண்டை மாவைக் கொடுத்தால் அரை மணி நேரம் உட்காரும், கோணலாக உருட்டினாலும் வெந்து வரும்போது அது பன்தான். ஆல்பத்தில் பிள்ளைகளின் கை பட வேண்டுமென்றால் நகல் ஒன்றைக் கொடுத்து, அவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு வயதானால் கதையே வேறு. அந்த வயதில் "இது யார், இது எங்கே" என்று கேட்கத் தொடங்குவார்கள், நல்ல துணையாக இருப்பார்கள்.

தவறு செய்யும் உரிமை பன்னில் அதிகம். இந்த வாரம் இறுகிப்போனால் அடுத்த வாரம் இன்னொரு தட்டு, பழையதன் சுவடே இருக்காது. பக்கத்தைக் கோணலாக ஒட்டிவிட்டால் அது அப்படியே இருக்கும். இதை நினைத்தே பலர் கத்தரிக்கோலை எடுக்கத் தயங்குகிறார்கள். நகலை வைத்து வேலை செய்தால் அந்தத் தயக்கம் போய்விடும், பிடிக்காத பக்கத்தை மறுபடி செய்யலாம்.

மனநிலையையும் சொல்ல வேண்டும். நாளெல்லாம் திரையைப் பார்த்து, பேசிப் பேசிக் களைத்து வந்தவர்களுக்கு மாவு நல்ல மருந்து. அதில் யோசிக்க எதுவுமில்லை, அன்றைக்கே முடிந்து கையில் சூடாக ஒன்று கிடைக்கும். ஆல்பம் அப்படி இளைப்பாற விடாது. சில படங்களை எடுத்தால் அன்று மாலை முழுக்க வேறு வேலை ஓடாது. அண்மையில் ஒருவரை இழந்த வீட்டில் அந்தப் பெட்டியைத் திறக்க அவசரப்படுத்தாதீர்கள், அதற்கு ஒரு காலம் வரும். அதுவரை கை ஏங்கினால் மாவு பிசையட்டும்.

நான் எதைச் சொல்வேன்

பழைய முகங்களைத் தெரிந்த பெரியவர் ஒருவராவது உங்களுக்கு இருக்கிறாரா? இருந்தால் ஆல்பம்தான் முதலில். அதிலும் ஒட்டுவதும் அலங்கரிப்பதும் பிறகு, பெயர் கேட்பது முதலில். தாள் வாங்கவும் வேண்டாம், ஆல்பம் வாங்கவும் வேண்டாம். இருபது படங்களைப் போனில் படம் பிடித்து, எண் போட்டு, பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர் பேசுவதைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். "யார்?" என்று மட்டும் கேட்டால் பெயர் மட்டும்தான் வரும். "இதை எடுத்தது யார், அன்றைக்கு என்ன நடந்தது, இந்தப் படத்தில் இல்லாதவர் யார்?" என்று கேட்டால் கதை வரும். ஒரே நாளில் இருபதுக்கு மேல் வேண்டாம், களைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே நாளில் எழுதிவையுங்கள். ஓரம் விட்டு அச்சடித்த, பிளாஸ்டிக் பூச்சில்லாத பழைய நார்க்காகிதப் படமானால் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் பெயரும் வருஷமும் எழுதலாம். புதிய வழவழப்பான படங்களில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதிவிட்டுப் படத்தை உள்ளே போடுங்கள்.

அப்படி யாரும் இல்லை என்றால், அல்லது அந்த வேலை முடிந்துவிட்டது என்றால், உங்கள் வாரத்தைப் பாருங்கள். நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறதா, பன் சுடுங்கள். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் தடையில்லாமல் கிடைக்கிறதா, பரப்பியதை அப்படியே விட்டுவைக்க ஓர் இடம் இருக்கிறதா, ஆல்பத்தில் உட்காருங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கும் பன்னையே சொல்வேன். நாலு வாரத்தில் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆல்பத்தில் அது தெரிய நாலு மாதம் ஆகும்.

இரண்டையும் சேர்த்துச் செய்யவும் முடியும், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மாவைப் பிசைந்து மூடி வைத்ததும் வெண்ணெய்ப் பிசுக்குப் போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுப்பேன். மாவு இரண்டு மடங்காக ஒன்றே கால் மணி நேரம். அந்த நேரத்துக்குள் ஒரு பக்கத்துக்கான படங்களைத் தேர்ந்து, கீழே எழுத வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிவிடலாம். ஒட்டும் வேலையைப் பன் ஓவனில் இருக்கும்போது வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இருபது நிமிஷத்தில் வாசனைக்கு எல்லோரும் மேசைக்கு வந்துவிடுவார்கள். பலகையைப் பத்திரமாக உள்ளே தள்ளிவிட்டு, அன்று தேர்ந்தெடுத்த நகல்களை மட்டும் வெளியே வையுங்கள். பன்னைப் பிய்த்துக்கொண்டே யாராவது ஒன்றைக் கையில் எடுத்து, "இந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று தொடங்குவார்கள். பேனாவைப் பக்கத்தில் வைத்திருங்கள்.